கத்தரிக்கன்றும் விக்டோரியா மகாராணியும்

எப்போது விதை போடுவது என்று என் மாமாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். வானத்தை ஒருமுறை பார்த்து, மண்ணைக் காலால் ஒருமுறை கிளறினால் அவருக்கு விசயம் விளங்கிவிடும். ரொறன்ரோவுக்கு, எங்களோடு இருக்க வந்த பிறகுதான், வசந்தம் எப்போது வரும் என்று சொல்லும் உத்தியோகம் இந்த மாகாணத்தில் ஒரு கொழுத்த கொறிவிலங்கிடம் கொடுக்கப்பட்டிருப்பதை அறிந்தார்.

வியார்ட்டன் என்ற ஊரில் 1956 இல் இருந்து நடக்கும் கூத்து இது. பெப்ரவரி 2 ஆம் திகதி வில்லி என்ற வெள்ளை நிறப் பிராணியை வெளியே கொண்டுவருவார்கள். அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் 6 கிழமை இருக்கும். காணாவிட்டால் வசந்தம் முந்தும். 2021 இல் அது நேரில் வரவில்லை. அதற்குப் பதிலாக மயிர்த்தொப்பி ஒன்றை எறிந்து, வசந்தம் முந்துகிறது என்று அறிவித்தார்கள். வில்லி செத்துப்போன கதை அந்த வருடக் கடைசியில்தான் வெளியே வந்தது.

"செத்த எலியின்ரை சாத்திரத்தைக் கேட்டோ தம்பி விதை போடுறியள்?" என்றார் மாமா.

விதை போடுவதற்கு வேறு கணக்கு இருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை மே 25 க்கு முந்திய திங்கட்கிழமை வரும். அதற்கு முன்னர் கன்றை வெளியே நட்டால் ஓர் இரவு உறைபனியில் எல்லாம் கருகிவிடும் என்பது இந்த ஊர்த் தோட்டக்காரரின் நம்பிக்கை. அந்தத் திங்களில் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 கிழமை, தக்காளிக்கு 6 முதல் 8. அப்படி எண்ணினால் மார்ச் நடுப்பகுதி வரும். வெளியே முழங்கால் அளவு ஸ்நோ கிடக்கும்போது வீட்டுக்குள் விதை போட வேண்டும்.

மாமா சற்று யோசித்தார். "அந்த மனிசி எப்ப செத்தவ?"

"1901 இல்."

"அப்ப எலியும் செத்துப்போச்சு, ராணியும் செத்துப்போனா. உயிரோடை இருக்கிற ஆரிட்டையும் இந்த நாட்டிலை கேக்கேலாதோ?"

கேட்க ஆள் இல்லாததால் தானே பொறுப்பை எடுத்தார். மார்ச் மாதம் எங்கள் வீடு அவர் கைக்குப் போனது. குளிர்சாதனப் பெட்டியின் மேற்பக்கம் சூடாக இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே மிளகாய் விதைத் தட்டை ஏற்றினார். தெற்கு யன்னலோரம் படிப்பு மேசை வைத்திருந்த மகள் இருண்ட மூலைக்கு இடம்பெயர்ந்தாள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையைவிட வெயில் கத்தரிக்குத்தான் தேவை என்பது தீர்ப்பு. மேன்முறையீடு இல்லை.

அந்த வெயிலும் காணாது என்று தெரிந்தது. நாற்று யன்னலைத் தேடி நீண்டு, மெலிந்து, வளைந்தது. இங்கேதான் மாமா உண்மையில் மனம் நொந்தார். ஊரில் நாற்றுமேடைக்குக் கிடுகு போட்டு வெயிலை மறைத்தவர், இங்கே காசு கொடுத்து வெளிச்சம் வாங்க வேண்டியதாயிற்று. பேஸ்மன்ட்டில் ஊதா நிற விளக்கு ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம் எரிந்தது. இரவில் தெருவில் இருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஏதோ நடக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும். 2018 இல் கஞ்சா சட்டபூர்வமான பிறகு ஒன்ராறியோவில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். எதிர்வீட்டுப் பெடியன் ஒருநாள் என்னைக் கண்டு, மரியாதை கலந்த ஒரு சிரிப்புச் சிரித்தான். அது கத்தரி என்று சொல்லி அந்த மரியாதையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு சில நாற்றுகள் அடித்தண்டில் மெலிந்து ஒரே இரவில் சாய்ந்தன. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் ஊற்றினால் வரும் பூஞ்சணம் அது என்று நான் படித்துச் சொன்னேன். கண்ணூறு என்றார் மாமா. முதல்நாள் தேத்தண்ணி குடிக்க வந்த பெண் ஒருவர், "என்ன வடிவாய் முளைச்சிருக்கு!" என்று சொன்னதுதான் ஆதாரம். ஈற்றில் சமரசம் ஏற்பட்டது. தண்ணீர் குறைக்கப்பட்டது, காற்றோட்டத்துக்கு மின்விசிறி வைக்கப்பட்டது, தட்டுகளுக்கு மேலே செத்தல் மிளகாயும் சுற்றப்பட்டது. நாற்று பிழைத்தது. எந்த வைத்தியம் பலித்தது என்பதில் இன்னும் இரண்டு கட்சி.

ஏப்ரலில் ஸ்நோ உருகியதும் மண்வெட்டியோடு இறங்கினார். எங்கள் வளவில் இருப்பது களிமண். ஈரம் காய முன்னர் கொத்தினால் கட்டியாக இறுகிப்போகும். ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, "இது மண்ணில்லைத் தம்பி, கொழுக்கட்டை மா" என்று வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனார். அதுவும் பூட்டு. குளிருக்குக் குழாய் வெடிக்காமல் இருக்க இலையுதிர் காலத்திலேயே உள்ளே அடைத்துவிடுவோம். நடவும் ஏலாது, கொத்தவும் ஏலாது, தண்ணீரும் இல்லை. இந்த ஊரில் வசந்தகாலத் தோட்ட வேலையில் முக்கால்வாசி, தோட்டக்காரனைப் பிடித்து வைத்திருப்பதுதான்.

அவரைக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர். குளிர்காலம் முழுக்க அவர் வளவில் சாக்கும் கயிறும் சுற்றி ஓர் உருவம் நின்றது. மாமா அதை ஏதோ சிலை என்று நினைத்திருந்தார். ஏப்ரலில் ஒருநாள் கிழவர் கட்டை அவிழ்த்தார். உள்ளே அத்திமரம்! சூடான தேசத்து மரத்தைப் போர்த்துக் காப்பாற்றும் இன்னொரு கிறுக்கரைக் கண்டதும் மாமா ஓடிப்போய், யன்னலோரம் வெறுங்குச்சியாக நின்ற எங்கள் கறிவேப்பிலையைச் சாடியோடு தூக்கிவந்து வேலிக்கு மேலால் காட்டினார். கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை என்பதால் பேச்சு மணிக்கணக்காக நடந்தது.

குளிர் தாங்கும் பட்டாணியையும் முள்ளங்கியையும் இப்போதே விதைக்கலாம் என்று கிழவர் கையால் காட்டிக் கொடுத்தார். புல்தரையில் மஞ்சளாகப் பூக்கும் டன்டெலையனின் இளம் இலையைச் சமைக்கலாம் என்பதும் அவர் சொன்னதே. 2009 இல் ஒன்ராறியோ அரசு அழகுக்காகக் களைகொல்லி அடிப்பதைத் தடைசெய்ததால் அந்தச் செடிக்குப் பஞ்சமில்லை. மாமா தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தார். பாவற்காயே வெட்கப்படும் கசப்பு. "இரத்தத்துக்கு நல்லது" என்று சாப்பிட்டார். நாங்களும் சாப்பிட்டோம், வேறு வழியில்லை.

மே பிறந்ததும் கன்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்கும் படலம். முதல்நாள் ஒரு மணித்தியாலம் நிழலில், அடுத்தநாள் கொஞ்சம் கூட, பிறகு வெயிலில். காலையில் எல்லாத் தட்டும் வெளியே, பின்னேரம் எல்லாம் உள்ளே. தூக்குபவன் நான். மாமா கதிரையில் இருந்தபடி அணில்களைக் காவல் காத்தார். இந்த ஊர்க் கறுப்பு அணிலுக்கு விதையில் ஆசை குறைவு. புதிதாகக் கிளறிய மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்தான் ஆசை. இராமருக்கு உதவியது இந்த வம்சம் இல்லை என்று மாமா உறுதியாகச் சொன்னார்.

மகாராணியின் திங்களும் வந்தது. தெருவெல்லாம் மண்வெட்டிச் சத்தம். மாமா மட்டும் அசையவில்லை. இரவு வெப்பநிலை 8 பாகை என்று கைத்தொலைபேசி சொன்னது. "தக்காளி தாங்கும். கத்தரி இந்தக் குளிருக்குக் கோவிச்சுக்கொண்டு வளராது. ராணி சொன்னாலும் நடமாட்டன்" என்றார். பெப்ரவரியில் இருந்து அவசரப்பட்ட மனிதர் அந்தக் கிழமை முழுவதும் பொறுத்திருந்து, சூடு ஏறியபின் பாத்தி கட்டி, கத்தரி, மிளகாய், வெண்டி எல்லாம் வைத்து, வேலியோரம் பயித்தங்காய்க்குத் தடியும் நட்டார்.

இனி ஓய்வெடுப்பார் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் முன்வாசலில், நான் வெட்டிச் செப்பனிட்டிருந்த புல்தரையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"இஞ்சாரும் தம்பி, உந்தப் புல்லை ஆர் தின்னுறது?"

"ஒருத்தரும் தின்னுறேல்லை மாமா. வடிவுக்கு."

"வெண்டியும் வடிவாய்த்தான் பூக்கும்" என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுக்கப் பின்பக்கம் போனார்.