ஐவரி ஐயா

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையே கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், மூன்றாம் மாடிக்கு மேல், ஐவரி ஐயா பெருமளவில் காணப்படுகிறார். இளைப்பாறியவர், பெரும்பாலும் வங்கியிலோ கணக்காளர் பகுதியிலோ இருந்தவர். பிளாற்றுக்குப் பெயின்ற் அடிக்கும் காலம் வரும்வரை அவரை மற்ற ஐயாமாரிடமிருந்து பிரித்தறிய முடியாது. தீபாவளி நெருங்கும்போதோ, ரொறன்ரோவிலிருந்து மகள் வருகிறாள் என்று தெரிந்த அன்றோ அறிகுறிகள் தோன்றும். சட்டைப்பையில் ஷேட் காட் குடியேறும். சாப்பாட்டு மேசையிலும் அதை விரித்துவைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத வெள்ளைகளில் எது உண்மையான ஐவரி என்று ஆராய்வார். மூன்று நாள் ஆராய்ந்தும் முடிவு வராது. வந்தாலும் மனைவி ஏற்கமாட்டார்.

தேர்வு கடைசியில் ஹாட்வெயார் கடையில்தான் நடக்கும். அங்கே பட்டப்பகலிலும் ‘டேலைற்’ ரியூப் எரியும். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: பழைய குண்டு பல்ப் சுமார் 2700, மஞ்சள், டேலைற் 6500, நீலம் கலந்த வெள்ளை. எண் ஏற ஏற ஒளி ‘குளிர்ச்சி’ ஆகிறது. நாற்பது ஆண்டு எண்களோடு வாழ்ந்த ஐயாவுக்கு இது கணக்குப் புத்தகத்தை யாரோ தலைகீழாக எழுதிவைத்த மாதிரிப் படும் என்பதால், கெல்வினை அவர் இதுவரை அங்கீகரிக்கவில்லை. ஆனால் அவர் ஐவரியைத் தெரிவுசெய்வது அந்த 6500இன் கீழேதான். நீலச்சாயல் உள்ள ஒளியில் ஐவரியின் மஞ்சள் அடங்கி, கண்ணியமான வெள்ளையாகக் காட்சியளிக்கும். கண்ணியம் அவருக்குப் பிடிக்கும். இருபது லீற்றர் வாளி வீடு வந்துசேரும்.

கடல் பக்க ஹோலில் முற்பகல் முழுவதும் வருவது வானத்தின் ஒளி மட்டுமே. அதுவும் சற்று நீலம்தான். ஆகவே முதல் பூச்சு கடையில் கண்டபடியே இருக்கும். பெயின்ற் அடிக்கும் பாஸுக்குப் பிளேன்ரீயோடு பிஸ்கட்டும் கிடைக்கும். நான்கு மணிக்குப் பிறகு மேற்கு வெயில் நேரே உள்ளே வருகிறது. தாழ்ந்த சூரியனின் ஒளி காற்றில் நெடுந்தூரம் கடந்து வருவதால் வழியிலேயே நீலம் சிதறிப்போய், மஞ்சளும் செம்மஞ்சளுமே மிஞ்சும். அறையின் எதிரெதிர்ச் சுவர்கள் அதை ஒன்றன்மேல் ஒன்று திருப்பியடித்து நிறத்தை இன்னும் அழுத்தமாக்கும். ஷேட் காட்டில் முத்திரை அளவில் இருந்தபோது இந்த உபத்திரவம் இல்லை.

“இஞ்சேருங்கோ, பருப்புக்கறி மாதிரியெல்லே கிடக்கு” என்பார் மனைவி.

ஐயா உடனே பாஸைப் பார்ப்பார். பாஸ் பெரும்பாலும் மலையகத்துக்காரர், பொறுமைசாலி. “ஐயா, வாளியில இருக்கிற நம்பரும் பில்லுல இருக்கிற நம்பரும் ஒண்ணுதானுங்களே” என்பார். பிஸ்கட் அத்தோடு நின்றுவிடும்.

இந்த ஐயாமாரில் படிப்பாளிகள் உண்டு. அவர்கள் ஆங்கில வீட்டலங்காரப் புத்தகங்களைப் படித்து, வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த ஒளி, தெற்குக்கு வெப்ப ஒளி என்று பாடமாக்கியிருப்பார்கள். அந்த விதி லண்டனின் 51 பாகை அகலக்கோட்டுக்கு எழுதப்பட்டது. கொழும்பு இருப்பது ஏறத்தாழ 7 பாகையில். இங்கே ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கமாகவே போகும். எப்படியும் அது உயரத்தில் நிற்பதால் வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்குள் அதிகம் நுழையாது. வெள்ளவத்தைச் சுவரின் தலைவிதியைத் தீர்மானிப்பது கிழக்கும் மேற்கும்தான். வாஸ்து பார்க்க வந்தவரிடம் வாயிலின் திசையை மட்டும் கேட்டு அனுப்பிவிடுவது இதில் பயன்படாது.

மாலை ஆறேகாலுக்கு மேல் இன்னொரு குழப்பம். இங்கே அந்திப்பொழுது இருபது நிமிடமளவில் முடிந்துவிடும். அதற்குள் செற்றியில் கிடக்கும் சிவப்புக் குஷன் கறுத்துவிடும், நீலக் குஷன் துலங்கி நிற்கும். மங்கிய ஒளியில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு முதலில் செத்துப்போவதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் கவனித்து எழுதினார். ஐயா இதைப் பெயின்ற் கம்பனியின் கலப்படம் என்று கருதுகிறார்.

பிறகு லைற் போடுவார்கள். மஞ்சள் பல்ப் சூடு, கரன்ற் பில் கூடும் என்ற பழைய அச்சத்தால் ஹோலில் எல்லாம் டேலைற் எல்ஈடி. பகலில் பருப்பாக இருந்த சுவர் இப்போது மருத்துவமனையாகும். ஐயா கைபேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார். கைபேசியோ எந்த ஒளியையும் தானாகவே வெள்ளையாகத் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. முறைப்பாட்டுக்குக் காரணமான நிறத்தை அழித்துவிட்டுத்தான் படத்தை அனுப்பும். ரொறன்ரோவில் மகள் இரவுப் பயன்முறையில் மஞ்சளாக்கிய திரையில் அதைப் பார்த்து, “வடிவாத்தானே இருக்கு அப்பா, ஆனா கிறே அடிச்சிருக்கலாம்” என்று பதில் போடுவாள். சாம்பல் நிறத்துக்குச் சொந்தப் பிடிவாதம் குறைவு. எந்த ஒளி விழுகிறதோ அதன் பக்கம் சாய்ந்துவிடும். 6500இன் கீழே அது நீலமாகும் என்பதை அவளுக்கு எடுத்துச்சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

இத்தனைக்கும் தீர்வு குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. காலி வீதிப் புடவைக் கடைகளில் எந்தப் பெண்ணும் ரியூப் வெளிச்சத்தை நம்பிச் சேலை எடுப்பதில்லை; வாசல்வரை கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைக்குள் ஒத்துப்போன சட்டைத்துணி கலியாண மண்டபத்தில் சேலையோடு முறைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். இரு வேறு சாயக்கலவைகள் ஓர் ஒளியில் ஒன்றாகவும் மற்ற ஒளியில் வேறாகவும் தெரிவது நிறவியலில் தனிப் பாடம். அந்தப் பாடம் நடக்கும் நேரமெல்லாம் ஐயா கடை வாசலில் மணிக்கூட்டைப் பார்த்தபடி, “ஒரு சேலைக்கு இவ்வளவோ” என்று சலித்துக்கொண்டு நிற்பார்.

கொட்டாஞ்சேனையில் இவருடைய கிளையினம் ஒன்று உண்டு. ஜம்பட்டா வீதிப் பக்கத்து ஒடுங்கிய வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். உள்ளே வருவது சூரிய ஒளி அல்ல, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி. அயலவர் நத்தாருக்குப் பச்சை அடித்தால் இவருடைய கிறீமுக்கும் பச்சை பிடிக்கும். ஆகவே இவர் தன் சுவருக்கு முன்னால் அயலவர் சுவரைப் பற்றிக் கவலைப்படுபவர். வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்தால் வாளியில் பாதியைத் தானே தருவதாகச் சொன்னவர்களும் இந்தக் கிளையில் உண்டு. வெள்ளவத்தைக்காரர் இந்த அளவு ராஜதந்திரத்துக்கு இறங்குவதில்லை.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தைத் தொட்டபோது மட்டும் இரு கிளைகளிலும் நோய் தணிந்திருந்தது. மெழுகுதிரி 1900 கெல்வின் அளவில் எரிவது. அதன் முன்னால் எல்லாச் சுவர்களும் ஒரே கட்சி.

பரிகாரம் பாஸ்மாருக்குத் தெரியும். இரண்டடி அட்டையில் இரண்டு பூச்சு அடித்து, காயவிட்டு, ஒவ்வொரு சுவராகச் சாய்த்துவைத்துக் காலையிலும் நாலரைக்கும் இரவிலும் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே எந்த பல்ப் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். 4000 கெல்வின் பல்ப் மாட்டினாலே பாதிச் சண்டை தீரும். ஆனால் ஐயா கேட்டால்தான் பாஸ் சொல்வார், ஐயாவோ கேட்பதில்லை.

சாமியறை மட்டும் இந்த வழக்குகளில் அகப்படுவதில்லை. அங்கே இரவும் பகலும் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிகிறது. அதன் கீழே ஐவரியும் கிறேயும் கிறீமும் ஒன்றே. மற்ற அறைகளில் மிஞ்சியதையெல்லாம் ஒரே வாளியில் கலந்து பாஸ் அங்கேதான் அடித்து முடிப்பார்.