மாமாவிடம் கேளுங்கோ: 37 மணிநேரமும் மிச்சமும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வேலைக்குப் போகும் தாய்மார் எழுதியவை. மிச்சம், அவர்களுக்குப் பயந்த கணவன்மார் எழுதியவை.

களைத்துப்போனவள், சில்க்போர்க்: மாமா, எங்கள் ஊரில் பதற்றமே இல்லாத முகம் யாருடையது?

டொலுண்ட் மனிதனுடையது. 1950-ல் ஊருக்குப் பக்கத்துச் சதுப்பில் அடுப்புக்குக் கரி வெட்டப் போனவர்கள் கண்டெடுத்த உடல். வயது ஏறக்குறைய 2,400. அருங்காட்சியகத்தில் கண்மூடி, பச்சைக் குழந்தை மாதிரிப் படுத்திருக்கிறார். கொஞ்சம் கீழே பாருங்கள், கழுத்தில் சுருக்குக் கயிறு. "அவளுக்கென்ன, சிரிச்ச முகமாத்தானே திரியிறாள்" என்று சொல்லும் அத்தனை பேரையும் அங்கே ஒருமுறை அனுப்பிவையுங்கள்.

அதே களைத்துப்போனவள்: இங்கே டென்மார்க்கில் கிழமைக்கு 37 மணிநேரம்தான் வேலை. பிறகும் ஏன் எனக்கு இவ்வளவு களைப்பு?

அந்த 37 மணிநேரம் தொழிற்சங்கமும் முதலாளிமாரும் பேசி 1990-ல் நிலைநிறுத்திய கணக்கு. ஒரு கிழமைக்கு 168 மணிநேரம். மிச்சம் 131-க்காக உங்கள் சார்பில் யாரும் மேசையில் உட்காரவில்லை.

நல்ல கணவன், ஹெர்னிங்: நான் மனைவிக்கு வீட்டில் நிறைய உதவி செய்கிறேன். ஆனாலும் அவள் முகம் சுருங்கியே இருக்கிறதே?

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாத்திரம் கழுவினால் அது உதவி. சாப்பிட்டவரே கழுவினால்?

ஐயம் தீராதவர், ஓகூஸ்: ஆண்கள் வீட்டு வேலை செய்வதே இல்லை என்று சும்மா சொல்கிறீர்கள். ஆதாரம் உண்டா?

இந்திய அரசே எண்ணிப் பார்த்தது. 2019-ம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். "ஈடுபடும்" என்பதைக் கவனியுங்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்தப் பக்கமே தலை காட்டியிருக்கிறார்கள். மற்ற 74 பேர் தேநீர் வருமென்று காத்திருந்தவர்கள்.

அதே ஐயம் தீராதவர்: அது இந்தியா. டென்மார்க் சமத்துவ நாடல்லவா?

விட மாட்டீர்கள் போலிருக்கிறதே. சரி. ஹென்ரிக் கிளேவனும் அவரது சக பொருளியலாளர்களும் டென்மார்க் மக்களின் பல ஆண்டு வருமானப் பதிவுகளைத் துருவி 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பிள்ளை பிறக்கும் வரை ஆண் பெண் வருமானக் கோடுகள் கைகோத்துப் போகின்றன. பிறந்ததும் பெண்ணின் கோடு சரிகிறது. பல வருடம் கழித்தும் ஏறக்குறைய 20 சதவீதம் பின்தங்கியே நிற்கிறது. ஆணின் கோட்டுக்குப் பிள்ளை பிறந்த செய்தியே எட்டவில்லை.

இன்னொன்றும் கண்டார்கள். அந்தச் சரிவு எவ்வளவு ஆழம் என்பது, அந்தப் பெண் வளர்ந்த வீட்டில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதோடு சேர்ந்தே போகிறது. ஆக, பொம்பிளை பார்க்கும்போது சாதகத்தோடு பெண்ணுடைய அம்மாவின் சம்பளச் சீட்டையும் கேட்கலாம்.

புதுத் தகப்பன், இக்காஸ்ட்: பிள்ளை பிறந்திருக்கிறது. 11 கிழமை லீவு எடுத்தால் வேலை இடத்தில் பெடியள் சிரிக்க மாட்டார்களா?

2022 ஓகஸ்ட் முதல், பிள்ளை பிறந்த பின் தாய்க்கு 24 கிழமை, தகப்பனுக்கு 24 கிழமை. சம்பள வேலையில் இருப்பவருக்கு அதில் 11 கிழமையை மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. எடுக்காவிட்டால் கரைந்துபோகும். சிரிக்கப் போகிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்களில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அப்பம்மா: தம்பி, இஞ்ச பச்சைப் பிள்ளையைக் குளிருக்குள்ள வெளியில தள்ளுவண்டியில நித்திரையாக்கிறாங்கள். மருமகளும் அதைத்தான் செய்யிறாள். இது ஞாயமோ?

அம்மா, இந்த ஊர் வழக்கம் அதுதான். கனமாகப் போர்த்தி, பக்கத்தில் பிள்ளையின் சத்தம் கேட்கும் கருவி வைத்துவிட்டுத்தான் படுக்க விடுவார்கள். காப்பகத்திலும் இதே கதை. 1997-ல் ஒரு டென்மார்க் தாய் நியூயோர்க்கில் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே பிள்ளையைத் தள்ளுவண்டியில் விட்டு உள்ளே போக, பொலிஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. டென்மார்க் முழுக்கக் கொதித்தது. பிள்ளை வெளியில் நித்திரை கொள்ளும் ஒரு மணிநேரத்தில் மருமகளையும் உள்ளே நித்திரை கொள்ள விடுங்கோ. அதற்கு எந்தப் பொலிசும் வராது.

யோகப்பிரியை, வையிலே: மூச்சுப் பயிற்சி செய்தால் மன அழுத்தம் குறையுமா?

நிச்சயம் குறையும், அந்தப் பத்து நிமிடம் யாராவது பிள்ளையைப் பிடித்துக்கொண்டால். குறைத்தது மூச்சா, பிடித்தவரா என்பதை நீங்களே ஆராய்ந்துகொள்ளுங்கள்.

மாணவி, ஓகூஸ்: இந்த மன அழுத்தம் என்பதையெல்லாம் கண்டுபிடித்தது யார்?

அனுபவித்தவர்கள் ஆதிகாலம் முதலே உண்டு. ஆய்வுகூடத்தில் பிடித்தவர் ஹான்ஸ் செலியே. 1936-ல் எலிகளைப் பலவிதமாக வதைத்து, எந்த வதைக்கும் உடம்பு ஒரே மாதிரித்தான் பதில் சொல்கிறது என்று எழுதினார். பாவம் எலிகள். ஆனாலும் அவற்றுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை கிடையாது.

செய்தி வாசித்தே செத்தவள், சில்க்போர்க்: பள்ளிக்கூடத்து அவ்லா செயலியில் "நாளைக்கு மழைச் சப்பாத்து, நாளன்றைக்குக் கேக்" என்று வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

2019-ல் பாடசாலைகளுக்கு வந்த செயலி அது. தகப்பனின் தொலைபேசியிலும் தங்குதடையின்றி ஓடும். பரிசோதித்துப் பாருங்கள்.

ரொட்டி அடுக்குபவள், சில்க்போர்க்: விடியற்காலையில் எழும்பி மூன்று பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிறேன். தமிழ்நாட்டிலும் தாய்மாருக்கு இதே பாடுதானா?

அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சோறு பள்ளியிலேயே. 1956-ல் காமராசர் தொடங்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. உலகத்துப் பணக்கார நாடுகளில் ஒன்றான டென்மார்க்கிலோ, பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கறுப்புப் பாணைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகும் இந்தியாதான் வளர்ந்துவரும் நாடாம்!

உங்களுக்கு ஒரு வழி: பத்து வயதுப் பிள்ளைக்குப் பாணில் வெண்ணெய் பூசத் தெரியும். உங்களிடம் தெரியாத மாதிரி நடிக்கிறது.

துவைத்த துணிக் குவியலிலிருந்து ஒரு குரல்: வீட்டு வேலை எப்போதுதான் முடியும்?

எங்கள் ஊரில் வளர்ந்த ஓவியர் அஸ்கர் யோர்ன், "ஸ்டாலின்கிராட்" என்ற பெரிய ஓவியத்தை 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, 1972 வரை விட்டுவிட்டுப் பூசிக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் அவரே போய்ச் சேர்ந்தார். படம் இன்றைக்கும் சில்க்போர்கில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் சோபாவில் கிடக்கும் குவியலையும் இனி யாராவது கேட்டால், "அது இன்னும் தீட்டி முடியவில்லை" என்று சொல்லுங்கள்.

வாயில்லாப்பூச்சி, ஹெர்னிங்: சாமத்தியவீடு, அரங்கேற்றம், பிறந்தநாள், 31-ம் நாள் என்று கிழமைக்கிழமை அழைப்பு. "வர முடியாது" என்று சொல்ல நா எழுவதில்லை.

அதற்கும் யோர்ன்தான் குரு. 1964-ல் நியூயோர்க்கின் குகன்ஹைம் பரிசு தேடி வந்தது. பணத்தைக் கட்டிக்கொண்டு நரகத்துக்குப் போ என்ற பொருளில் ஒரு தந்தி அடித்துத் திருப்பி அனுப்பினார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், சொந்தக்காரர் பொல்லாதவர்கள். "சனிக்கிழமை வசதிப்படாது அக்கா" என்ற ஐந்தாறு நொடிப் பேச்சு போதும். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

பதறுபவள், சில்க்போர்க்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தால் எனக்குத்தான் வருகிறது, அவருக்கு வருவதில்லை. ஏன்?

படிவத்தில் முதல் இலக்கத்தை எழுதியது யார்? நாளைக்கே போய் மாற்றி எழுதுங்கள். இன்னொன்று: பிள்ளையின் முதல் நோய்நாளுக்குச் சம்பளத்தோடு வீட்டில் நிற்கலாம் என்று நாம் அனுபவிப்பது சட்டம் தந்த சலுகை இல்லை, தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத்தில் வாங்கித் தந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் அது ஒரு நாளா, இரண்டு நாளா என்று எடுத்துப் பாருங்கள். அவருடையதையும் பாருங்கள். அங்கேயும் இருக்கும்.

பதின்மூன்று வயதுக்காரி: அம்மா எப்ப பார்த்தாலும் கத்துறா. அவவுக்கு என்ன மாமா?

மத்தியானம் சாப்பிட்ட கோப்பை இப்போது எங்கே இருக்கிறது, தங்கச்சி?

குற்ற உணர்ச்சிக்காரி, ஹொல்ஸ்டெப்ரோ: எண்பதுகளில் வந்த எங்கள் அம்மாமார் மொழி தெரியாமல், கார் இல்லாமல், தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் நின்று எங்களை வளர்த்தார்கள். எல்லா வசதியும் உள்ள நான் ஏன் சோர்ந்துபோகிறேன்?

"சமாளித்தார்கள்" என்று யார் சொன்னது? யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. கணவன் இங்கே அகதி, மனைவியும் பிள்ளைகளும் அங்கே இலங்கையில் போருக்குள். 1987-ல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், சேர்ந்து வாழச் சட்டம் தந்த உரிமையை மீறி, தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களை அமுக்கி வைக்கச் சொன்னார். விசாரணை வந்தது. 1993 ஜனவரியில் அந்த விசாரணை அறிக்கையால் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995-ல் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை.

பதுங்குகுழிக்குள் பிள்ளைகளோடு காத்திருந்தே ஒரு நாட்டின் அரசைக் கவிழ்த்தவர்கள் உங்கள் அம்மாமார். அவர்களின் மகளுக்கு, "இஞ்சருங்கோ, அந்தப் பாத்திரம் கழுவுற மெசினை ஒருக்கா வெறுமையாக்கிவிடுங்கோ" என்று சொல்ல முடியவில்லையா?

புரட்சிக்காரி, ஓகூஸ்: பெண்கள் எல்லோரும் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் என்ன நடக்கும்?

நடந்தே விட்டது. 1975 ஒக்டோபர் 24, ஐஸ்லாந்து. பத்துப் பெண்களில் ஒன்பது பேர் அலுவலகத்திலும் வேலை செய்யவில்லை, அடுப்படியிலும் செய்யவில்லை. தகப்பன்மார் பிள்ளைகளை வேலை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைகளில் சொசேஜ் தீர்ந்துபோனதாம். ஐந்து வருடத்தில் அந்த நாடு ஒரு பெண்ணை, அதுவும் தனியாகப் பிள்ளை வளர்த்த தாயை, ஜனாதிபதியாக்கியது. உங்கள் வீட்டில் தொடங்குவதென்றால் முதல்நாள் குளிர்பெட்டியில் சொசேஜ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்தை, சில்க்போர்க்: பிராண்டே அபிராமி அம்மனிடம் நேர்த்தி வைத்தால் மனப்பாரம் இறங்குமா?

தாராளமாகப் போய் வாருங்கள். திருவிழா நாளென்றால் அன்னதானமும் உண்டு. நீங்கள் சமைக்காத சோற்றை, நீங்கள் கழுவப்போகாத தட்டில் சாப்பிடலாம். பாதி வரம் அங்கேயே கிடைத்துவிடும். சமையல் தொண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தீர்களோ, அம்மனாலும் காப்பாற்ற முடியாது.

செலவில்லா இன்பம் தேடுபவள்: சில்க்போர்கில் மனசு ஆற எங்கே போகலாம்?

குடெனோ ஆற்றங்கரை. டென்மார்க்கின் மிக நீளமான ஆறு வாசலில் ஓடுகிறது. ஒரு காலத்தில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப்போன பாதை அது. இப்போது சும்மா நடக்கலாம். நீங்கள் எதையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்: பிள்ளை, தள்ளுவண்டி, தொலைபேசி, மூன்றும் வீட்டில். தகப்பனும் வீட்டில்.

அப்படியே யைலன் நீராவிப் படகையும் பாருங்கள். 1861-ல் ஓடத் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. குளிர்காலம் முழுக்க ஓய்வு. அதனால்தான் இன்னும் ஓடுகிறது.

பெயர் வேண்டாம், சில்க்போர்க்: சிரிக்க வைக்கிறீர்கள் மாமா. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நித்திரை இல்லை, பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை. யாரிடம் சொல்வது?

பகிடியை இந்த இடத்தில் நிறுத்துகிறேன், பிள்ளை. கைக்குழந்தை என்றால் கொம்யூனிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, வீட்டுக்கு வரும் சுகாதாரத் தாதியிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் தருவார். 1987-ல் எடின்பரோவில் உருவானது, உலகம் முழுக்கத் தாய்மாரிடம் கேட்பது. உண்மையாக நிரப்புங்கள், பிள்ளையைப் பறிக்க அல்ல, உங்களைப் பார்க்கத்தான் அந்தத் தாள்.

பிள்ளை வளர்ந்துவிட்டதென்றால் குடும்ப வைத்தியர். இங்கே அவரைப் பார்க்கக் காசு இல்லை. சில நிலைகளுக்கு அவர் எழுதிக் கொடுத்தால் உளவியலாளரின் கட்டணத்திலும் ஒரு பங்கை அரசு ஏற்கும். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், மகளை இழுத்து நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் பொறுக்க வேண்டாம்: 112. மற்றதற்கு, நாளைக் காலை வைத்தியர் தொலைபேசி எடுக்கும் நேரத்தில் முதல் அழைப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.