அப்-டவுன் அண்ணா

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு வண்டி நிற்கும் பக்கத்து டீக்கடையில் இவரைத் தினமும் பார்க்கலாம். பாலக்கோட்டில் பார்க்கலாம், அரூரில் பார்க்கலாம். பென்னாகரத்தில் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. வயது நாற்பதுக்கு மேல். ஓசூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் நாலைந்து வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வரும்போது பி.எஃப். பணமும், ஒரு செகண்ட்ஹேண்ட் பைக்கும், ஆங்கிலத்தின் சில்லறைச் சாமான்களும் கொண்டுவந்தார். பணம் தீர்ந்தது, பைக் நின்றது. அப், டவுன், ஆன், ஆஃப், அவுட் மட்டும் தீரவே இல்லை.

“இங்கிலீஷ்ல வெர்ப்புக்கு ஒரு மரியாதையும் கிடையாதுப்பா, ஒட்டுதான் எல்லாம்” என்பது இவர் சித்தாந்தம். “கெட்னா என்ன? ஒண்ணுமில்ல. கெட் அப், எந்திரி. கெட் அவுட், வெளிய போ. கெட் ஆன், பஸ் ஏறு. கெட் ஆஃப், பஸ்ஸ விட்டு இறங்கு. கெட் அவே, தப்பிச்சு ஓடு. கெட் அலாங், மாமியாரோட அனுசரிச்சுப் போ.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் ஐந்தாவது பொருளை நடைமுறைப்படுத்தியிருப்பார்.

வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பாத வீட்டுக்காரரைப் போல, எந்த வினையையும் இவர் தனியாக அனுப்புவதில்லை. டிஸ்கஸ் என்றால் அபவுட், ரிட்டர்ன் என்றால் பேக், கோப் என்றால் நடுவில் ஓர் அப். கேட்காத இடத்தில் இப்படி வாரி வழங்குபவர், தேவையான இடத்தில் கையை விரித்துவிடுவார். போனில் மச்சானிடம் “வெயிட் மீ, ஃபைவ் மினிட்ஸ்” என்பார். ‘ஃபார்’ எங்கே போனது என்று கேட்டால், “அவன் சொந்தக்காரன்தானே, விடு” என்பார்.

மாவட்ட வரலாறுகூட இவரிடம் இந்த ஒட்டுகளோடுதான் கிடைக்கும். “1792-ல திப்பு சுல்தான் பாராமகாலை ஹேண்ட் ஓவர் பண்ணாரு. கம்பெனிக்காரன் டேக் ஓவர் பண்ணான். கேப்டன் ரீடுக்கு உதவியா தாமஸ் மன்றோ நம்ம தருமபுரிக்கே வந்து செட்டில் டவுன் ஆனாரு. நிலத்தை அளந்து வரியை ஒர்க் அவுட் பண்ணாரு. அப்புறம் 1820-ல மெட்ராஸ் கவர்னரா கோ அப். 1965 அக்டோபர் 2, சேலத்துல இருந்து நாம பிரேக் அவே. 2004-ல கிருஷ்ணகிரி நம்மகிட்ட இருந்து ஸ்பிளிட் அப்.” சுதந்திரத்தை விட்டுவிட்டீர்களே என்றால் கொஞ்சம் யோசிப்பார். “அது குவிட். அதுக்கு ஒட்டு கிடையாது.” அந்த வருத்தம் முகத்தில் தெரியும்.

எழுத்து வேலைக்கும் இவரைத்தான் தேடுவார்கள். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது பற்றி ஓர் அலுவலகத்துக்கு மனு. தமிழில் எழுதினால் நூறோடு நூற்றொன்றாகப் போய்விடும் என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். மனுவைக் கொஞ்சம் பாருங்கள் என்பதற்கு ‘லுக் ஓவர்’ சரிதான். ஆனால் அழகுக்காக அதைத் திருப்பிப் போட்டு, “கைண்ட்லி ஓவர்லுக் மை பெட்டிஷன்” என்று முடித்தார். தயவுசெய்து என் மனுவைக் கண்டுகொள்ளாதீர்கள்! கேட்டதை எழுத்துப் பிசகாமல் செய்துகொடுத்தது அந்த அலுவலகம். சாக்கடை இன்றும் அப்படியே இருக்கிறது.

விடுமுறை நாட்களில் ஒகேனக்கல் போவார். வடநாட்டுக் குடும்பம் ஏதாவது பரிசல் துறையில் முழித்துக்கொண்டு நின்றால் உதவிக்கு ஓடுவார். ஒருமுறை ஒரு குடும்பத்தில் பாதிப் பேர் பரிசலில் உட்கார்ந்துவிட்டார்கள், பாதிப் பேர் பாறையில் நின்றார்கள். நின்றவர்களை ஏறச் சொல்ல வேண்டும். ‘ஏறு’ என்றால் மேலே போவதுதானே, மேலே என்றால் ‘அப்’ தானே? “கெட் அப், கெட் அப்!” என்று கத்தினார். பாறையில் இருந்தவர்கள் அசையவில்லை. பரிசலில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். மூங்கில் வட்டம் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. பரிசல்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு “பைட்டோ, பைட்டோ!” என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் பாதியில் விட்ட அந்த மனிதரைப் பார்த்து நம்மவர், “இந்திக்காரனுக்கு இங்கிலீஷ் வீக்” என்று விளக்கம் சொன்னார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர் நோட்டுப் போட்டு எழுதி மனப்பாடம் செய்யும் சரக்கை ஊர் எப்போதோ எடுத்துப் புழங்கத் தொடங்கிவிட்டது. கண்டக்டர் “ஹோல்டான்!” என்கிறார், வண்டி நிற்கிறது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் “இந்த ரேட்டு ஒர்க்கவுட் ஆகாதுங்க” என்கிறார் விவசாயி, வியாபாரிக்குப் புரிகிறது. குழந்தையை ஸ்கூலில் பிக்கப் பண்ணுகிறோம், சினிமாவில் கெட்டப் மாற்றுகிறோம், தேர்தலுக்குக் கட்டவுட் வைக்கிறோம். அண்ணாவுக்கு இது பிடிக்காது. “எல்லாம் ராங் யூசேஜ். பில்டப்னா கட்டி எழுப்புறது. நீங்க என்னடான்னா...” என்று ஆரம்பித்தால், “ரொம்ப பில்டப் குடுக்காதீங்க ணா” என்று டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டுவார். ‘செட்டப்’ என்பதற்குச் சரியான பொருள் ‘ஏற்பாடு’தான் என்று நம்பி, ஒரு வீட்டுக்காரம்மாவிடமே “உங்க சார் மேச்சேரில நல்ல செட்டப் வெச்சிருக்கார்” என்று சொன்னதிலிருந்து அந்தத் தெருவழியாக இவர் போவதில்லை. பாவம், இவர் சொன்னது கோழிப்பண்ணையை.

மடக்கினால் கைவசம் ஒரு துருப்புச்சீட்டு உண்டு. “1755-ல இங்கிலீஷ் அகராதி போட்டாரே சாமுவேல் ஜான்சன், அவரே முன்னுரையில எழுதியிருக்காரு. வெர்ப்புக்குப் பின்னாடி வர்ற இந்தச் சின்னச் சொல்லுங்கதான் வெளியாளுக்குப் பெரிய கஷ்டம்னு. ஜான்சனே சொல்லிட்டாரு, நான் எம்மாத்திரம்?” உண்மைதான், ஜான்சன் அப்படி எழுதியிருக்கிறார். நம் வீட்டிலும் அதே கஷ்டம் உண்டு என்பது மட்டும் இவருக்குத் தோன்றியதில்லை. தமிழ் பேசுகிறவனுக்கு அது கஷ்டமாகத் தெரியவும் தெரியாது.

தெரிய வைத்தவன் ஒரு பரோட்டாக்கடைப் பையன். ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், ஆர்வமாகத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். கல்லாவுக்குப் பின்னால் அவனும் ஒரு நோட்டு வைத்திருந்தான். எந்த வினையானாலும் ‘விடு’ சேர்த்தால் தமிழ் ஆகிவிடும் என்று கண்டுபிடித்திருந்தான். “ணா, சாப்பிட்டு விடு. காசு கொடுத்து விடு. போய் விடு.” அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். “போய் விடுன்னு சொல்லக் கூடாதுப்பா. போயிட்டு வாங்கன்னு சொல்லணும்.” பையன் எழுதிக்கொண்டான். பிறகு ஒரு சந்தேகம் கேட்டான்.

“முதலாளி, ரெண்டு பரோட்டா போட்டுக் குடுன்னு சொல்றாரு. நான் போட்டு, குடுக்கறேன். சரி. நேத்து மாஸ்டர் என்னத் திட்டினாரு, முதலாளிகிட்ட என்னைப் போட்டுக் குடுத்துட்டியேன்னு. அவரை நான் எங்க ணா போட்டேன்? யாருக்குக் குடுத்தேன்? அப்புறம், வியாபாரம் ஊத்திக்கிச்சுன்னாங்க. எதை ஊத்திக்கிச்சு? சால்னாவா?”

அண்ணா வாயைத் திறந்தார், மூடினார். பரோட்டாவைப் பிய்த்தார். பத்தாம் வகுப்பில் தன் வாத்தியார் தனக்குச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அதே கம்பீரத்தோடு சொன்னார்:

“அதுக்கெல்லாம் ரூல் கிடையாது தம்பி. மனப்பாடம் பண்ணிடு.”

பையன் நோட்டை எடுத்தான். “பண்ணிடுன்னா ணா? பண்ணு வேற, இடு வேறயா?”