துண்டுக்குள் விரல்

மாட்டுச் சந்தையில் ஒரு நாகரிகம் உண்டு. தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டுக்கு எதுவும் தெரியாது. ஆனால் எந்தத் தரகரும் மாட்டின் முதுகைத் தடவி, "நீ எங்கள் குடும்பத்தில் ஒருவன்" என்று சொன்னதில்லை.

அதைச் சொல்ல ஐ.பி.எல். வர வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 15. சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. கொசுறாக சாம் கரன். பதிலுக்கு வந்தவர் சஞ்சு சாம்சன். ராஜஸ்தானில் சஞ்சுவுக்கு மனவருத்தம், விலகப் பார்க்கிறார் என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. ஒரு நட்சத்திரத்துக்கு மனசு சரியில்லை. அதற்காக இன்னொரு நட்சத்திரம் மூட்டை கட்டினார்.

பித்தளை அண்டாவைப் போட்டு எவர்சில்வர் குடம் எடுக்கும்போது நம்மூர் ஆச்சிகள் தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். இங்கே தராசு காட்டியது இது: சஞ்சுவின் 18 கோடி அப்படியே நின்றது. ஜடேஜாவின் 18 கோடி 14 கோடியானது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவருக்குச் சேதாரம் 4 கோடி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து பாருங்கள். அங்கே பழசானால்தான் விலை ஏறும்.

இதே ஜடேஜா முன்பு இதே ராஜஸ்தானில்தான் இருந்தார். வேறு அணியோடு தனக்குத் தானே விலை பேசினார் என்று 2010-ல் ஒரு சீசன் முழுக்கத் தடை போட்டார்கள். ஆட்டக்காரன் தன்னை விற்றால் குற்றம். முதலாளி அவனை விற்றால் வியூகம்.

சேப்பாக்கம் மைதானத்தின் பெயர் எம்.ஏ.சிதம்பரம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் அரண்மனைப் பிள்ளை. ஆகவே இதில் வாய் திறக்கச் செட்டிநாட்டுக்காரனுக்கு உரிமை உண்டு. 2008-ல் கிரிக்கெட் வாரியப் பொருளாளரின் நிறுவனம் சென்னை அணியை வாங்கியது. வாங்கிய பிறகு, வாரிய நிர்வாகிகளும் வாங்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். முதலில் தாலி, பிறகு பெண் பார்ப்பு. இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் அதே சிதம்பரத்தின் மகன் ஏ.சி.முத்தையா. அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2015 ஜனவரி ஆயிற்று. அந்த ஜூலையில் சூதாட்ட விவகாரத்தில் இரண்டு அணிகளுக்கு இரண்டாண்டுத் தடை. எந்த இரண்டு? சென்னை, ராஜஸ்தான். 2025-ல் ஆள் மாற்றிக்கொண்டவர்களும் அவர்களே. பழைய சிநேகிதம்.

ஆள் அனுப்புவது செட்டிநாட்டுக்கும் புதிதல்ல. அந்தக் காலத்தில் நம் வட்டிக்கடைகளிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மேலாட்கள் போனார்கள். மூன்று வருஷக் கணக்கு. முடிந்ததும் ஐந்தொகை எடுத்து, சேர வேண்டியதைத் தீர்த்து, ஊருக்கு அனுப்பினார்கள். கறாரான வியாபாரம். ஆனால் வியாபாரத்துக்கு வியாபாரம் என்றே பெயர் வைத்தார்கள். பாசம் என்று போர்டு மாட்டவில்லை.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து உண்டு. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் கூடைப்பந்து அணி, 25 வயது லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. போகிறேன் என்று அவர் கேட்கக்கூட இல்லை. ரசிகர்கள் அரங்க வாசலில் சவப்பெட்டி வைத்தார்கள். அவரைக் கொடுத்த அணி மேலாளரை "நீக்கு" என்று மாதக்கணக்கில் கத்தினார்கள். நவம்பர் 11-ல் அந்த மேலாளரின் வேலை போனது. அதே வாரத்தில்தான் ஜடேஜா கைமாறினார். நாம் என்ன செய்தோம்? இரண்டு நாள் அழுதோம். மூன்றாம் நாள், சஞ்சு பேர் போட்ட மஞ்சள் பனியன் எப்போது வரும் என்று விசாரித்தோம்.

இதைவிட மோசமான பேரம் ஒன்று நம் பள்ளிக்கூடங்களில் வருஷம் தவறாமல் நடக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்துவிடுவார்கள். பதிலுக்கு ஒன்றும் வராது. மனவருத்தத்தில் உட்கார்ந்திருக்கும் நட்சத்திரங்கள் வகுப்புக்கு நாற்பது பேர். ஐ.பி.எல்.லில் விற்கப்படுகிறவனிடம் சம்மதமாவது கேட்கிறார்கள். இங்கே அதுவும் இல்லை. பந்தையே தொடாத அந்தப் பையன் சாயங்காலம் மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு டி.வி. முன் உட்காருகிறான். "நம்ம டீம்" என்கிறான்.

தம்பி, கொஞ்சம் அந்தத் துண்டை விலக்கிப் பார். மாடு யார் என்று தெரியும்.