'டோர்டு' என்னும் பெயர்ச்சொல்: பிறப்பும் புணர்ச்சியும்

ஆங்கிலத்தில் 'டோர்டு' என்றொரு சொல் உண்டு. திருத்தமாகச் சொன்னால், இருந்தது. பொருள்: அடர்த்தி. துறை: இயற்பியல், வேதியியல். முதற்சான்று: 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு, பக்கம் 771. அதற்கு முன் இச்சொல்லை எவரும் எழுதியதில்லை, பேசியதுமில்லை. மேற்கோள் தேடி அலைய வேண்டாத இப்படியொரு சொல் ஆய்வாளனுக்கு லேசில் வாய்க்காது.

மற்ற சொற்களுக்குப் பிறந்த நூற்றாண்டைச் சொல்வதே பெரும்பாடு. இதற்கோ நாளே தெரியும்: 1931 ஜூலை 31. அகராதியின் வேதியியல் ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் அன்று ஒரு துண்டுச்சீட்டு எழுதினார். அடர்த்திக்குக் குறியீடு பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்பதே சேதி. 'அல்லது' என்பதற்கு ஆங்கிலத்தில் ஓ, ஆர் என இரண்டே எழுத்து. சுருக்கக் குறியீடுகளின் கட்டில் சேர வேண்டிய சீட்டு, சொற்களின் கட்டில் போய் விழுந்தது. அங்கே தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுத் தட்டச்சு செய்வது வழக்கம். ஆகவே நடுவிலிருந்த இடைவெளிகள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒருவர் சிரத்தையாக உச்சரிப்பும் குறித்துவிட்டார்.

இனி இலக்கணம். நிலைமொழி பெரிய டி, வருமொழி சின்ன டி. தோன்றல் இல்லை, திரிதல் இல்லை. கெட்டது இடைவெளி ஒன்றே. இடைவெளி கெடுவதற்கு நன்னூலார் விதி செய்யவில்லை. எனவே இயல்பு புணர்ச்சி என்றே கொள்க. நடுவில் வரும் 'அல்லது', இலக்கணத்தாலும் நின்ற இடத்தாலும் இடைச்சொல். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நான்கில் இது எவ்வகை? திசைச்சொல் என்பாரும் உளராகலாம். திசை தப்பிய சொல் என்பது என் துணிபு.

1939 பிப்ரவரி 28 அன்று ஓர் ஆசிரியர் இதைப் பிடித்தார். பொருள் இருந்தது, உச்சரிப்பு இருந்தது. வேர்ச்சொல் விளக்கத்தை மட்டும் காணோம். பிறகு வந்த அச்சுகளில் சொல் நீங்கியது. 1954இல் அகராதியாசிரியர் பிலிப் கோவ் இந்த வரலாற்றை எழுதியபோது, அடர்த்திக்கு 'டோர்டு' என்று சொன்னால்தான் என்ன என்று பரிந்தும் பேசினார்.

ஆனால் நீக்கிய இடத்தில் விழுந்த ஓட்டையை அடைத்தாக வேண்டுமே! பக்கத்திலேயே 'டோரே உலை' இருந்தது. டோரே என்பது பொன் கலந்த வெள்ளிப் பாளம். 'டோரே பாளத்தைச் சுத்திகரிக்கும் உலை' என்கிற பாணியில் இருந்த விளக்கத்தை, 'டோரே பாளம் எதில் சுத்திகரிக்கப்படுகின்றதோ அந்த உலை' என்கிற பாணிக்கு இழுத்து நீட்டினார்கள். செயப்பாட்டு வினைக்கு இப்படியும் ஒரு பயன்.