முள்ளு ஏறுது மாப்ளே!

கேரளத்துக் குமுளியில் கல்யாணம் என்று மாமாவின் காரில் கிளம்பினால், கூடலூர் தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். ரோட்டைப் பார்க்க மாட்டார், எதிரே வரும் லாரியையும் பார்க்க மாட்டார். டேஷ்போர்டில் முருகன் படத்துக்கும் பென்னிகுவிக் படத்துக்கும் நடுவே இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை மட்டும் பார்ப்பார். அது ஒரு நூல் அசைந்தால் போதும். "முள்ளு ஏறுது மாப்ளே!"

1972 மாடல் அம்பாசடர், மார்க் 2. "வித்துடுங்க" என்று சொன்ன யாரோடும் மாமாவுக்கு இப்போது பேச்சுவார்த்தை கிடையாது. தேனியில் டிங்கரிங், சின்னமனூரில் சீட் தைத்தது, கம்பத்தில் வயரிங் மாற்றியது, இதற்கெல்லாம் தனித்தனிக் கதை உண்டு. அவற்றை விடுவோம். தண்ணீர்க் கதை ஒன்றே போதும்.

ரேடியேட்டருக்குள் எந்தத் தண்ணீர் போகலாம் என்பதில் மாமா பார்க்கும் ஆசாரம் கோயில் பூசாரிக்குக்கூட இருக்காது. ஆண்டிபட்டிப் பக்கத்துப் போர் தண்ணீர் அறவே ஆகாது. "வீட்ல வாட்டர் ஹீட்டர் கம்பியில வெள்ளையா ஒட்டியிருக்கும்ல? அதேதான் இன்ஜினுக்குள்ளயும் ஒட்டும். அப்புறம் சூடு எங்கிட்டுப் போகும்?" சரி, சுருளித் தண்ணீர்? "அது மூலிகைத் தண்ணி. குளிக்கலாம், குடிக்கலாம். ரேடியேட்டருக்கு எதுக்கு மருந்து?" சரி, கடையில் கூலன்ட் விற்கிறதே? "பச்சைக் கலர்ல இருந்தா பச்சத்தண்ணி இல்லேன்னு ஆயிருமா? அதுக்கு நானூறு ரூவாயா?"

ஆக, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான். வீரபாண்டியில் வண்டி நிற்கும். பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக நாங்கள் உள்ளே வெந்துகொண்டிருக்க, மாமா ஆறு எண்ணெய்க் கேன்களோடு ஆற்றில் இறங்குவார். ஓரத்தில் மொள்ளக் கூடாது, கலங்கல். நடுவிலும் அடித்தண்ணீர் ஆகாது, மணல். மேல்தண்ணீராக மொண்டு, துண்டில் வடிகட்டி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவார். டிக்கியில் கேன்கள் உட்கார்ந்தபின் ஸ்டெப்னிக்கு இடமில்லை. சீர்த்தட்டு என் மடியில்.

மேற்கே பாய்ந்து கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுவிக். மாமா அதே தண்ணீரைக் கேனில் பிடித்து, மறுபடி மலையேற்றி, மேற்கே கொண்டுபோய் ஆவியாக்குகிறார். அந்த அணைக்காக இரு மாநிலமும் போடும் இத்தனை வழக்கு வம்புக்கு நடுவிலும் கேரளத்துக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவரும் ஒரே தமிழர் அவராகத்தான் இருப்பார்.

லோயர்கேம்ப் தாண்டி, மின்நிலையத்துக்கு இறங்கும் அந்த ராட்சசக் குழாய்கள் கண்ணில் படும்போது வண்டி செகண்ட் கியரில் அலறிக்கொண்டிருக்கும். இன்ஜின் சுற்றுகிற சுற்றுக்கு வண்டி நகராது; ரேடியேட்டரில் காற்றும் படாது. அடுத்த கொண்டை ஊசியில், "கல்ல வை மாப்ளே!" கல்லைத் தேட வேண்டியதில்லை. என் காலடியிலேயே ஒன்று பயணம் செய்கிறது. பத்து வருடமாக அதே கல்.

பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துண்டு போடுவார். உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் வண்டி திரும்ப எழுந்திருக்காது. பிறகு காத்திருப்பு. பிறகு சாக்கை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடி மேல் வைத்துக் கால் திருகு. 'புஸ்ஸ்' என்று சீறும். கையை எடுத்துவிடுவார். சீறல் அடங்கியதும் இன்னொரு கால் திருகு. இன்ஜினை ஓடவிட்டபடியே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். "சூட்டுல மொத்தமா ஊத்துனா ஹெட் விரிசல் விட்ரும்." ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பிலிருந்து ஒரு பெண் குரல் கொடுப்பாள்: "என்னண்ணே, உலை கொதிச்சிருச்சா?" மாமா காதில் வாங்கமாட்டார்.

விஷயம் தெரிந்த மனிதர்தான். குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். ஆடி மாதம் கணவாய்க் காற்று எதிரே வந்து மோதும்போது வண்டி சூடாகாது என்பதும் அவர் சொன்னதே. புறப்படுமுன் பானெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. அந்த நேரத்தில் அவரைத் திட்ட மனசு வராது.

ஆனால் போன சித்திரையில் வந்தது. பிரஷர் மாத்திரை போடுகிற அத்தை முக்கால் மணி நேரம் பின்சீட்டில் இருந்தாள். குடிக்கிற பாட்டில் காலி. கேனிலிருந்து ஒரு வாய் கேட்டாள். "அது வண்டிக்குடி" என்றார். பெட்ரோல் பம்புக்கு ஈரத்துண்டு போட்ட கை அத்தை பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு முள் வைக்கவில்லையே, எப்படித் தெரியும்? முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? கோளாறு தண்ணீரில் இல்லை, மூடியில். கம்பத்து மெக்கானிக் இரண்டு வருடம் முன்பே சொல்லிவிட்டார்: மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாசர் செத்துப்போச்சு. மூடி இறுகப் பிடித்தால் உள்ளே அழுத்தம் நிற்கும். அழுத்தம் நின்றால் நூறு டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் கொதிக்காது. பிடிக்காத மூடி கொஞ்சம் சீறிவிட்டு, மீதியை ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தார்ரோட்டில் விடுகிறது. புது மூடியின் விலை நான் அந்தக் கல்யாணத்தில் எழுதிய மொய்க்கும் குறைவு. மாமாவோ, "இது ஒரிஜினல் மூடி மாப்ளே. உத்தரபாராவுல அம்பாசடர் ஃபேக்டரியவே 2014-ல மூடிட்டான்" என்கிறார்.

வருகிற ஆவணியில் அடுத்த கல்யாணம், அதுவும் குமுளியில்தான். மாமா, மூடியை மாற்றுங்கள். இல்லையென்றால் நானும் அத்தையும் கம்பத்தில் இறங்கி பஸ் பிடித்துக்கொள்கிறோம். கல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.