அடுக்ககப் புகை: திணை, பொழுது, சட்டம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் புகை பிடித்தல் என்பது, ஒருவர் காசு கொடுத்து வாங்கியதை மூன்று வீட்டார் கேளாமலே பெற்றுக்கொள்ளும் நிகழ்வாகும். புகை கிளம்பும் இடத்துக்கு விதிகள் உண்டு. போய்ச் சேரும் இடத்துக்கு இல்லை. இத்துறையின் சிக்கல்கள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் சட்டம். 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 4ஆம் பிரிவில், பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. அரங்கம், மருத்துவமனை, உணவகம், நூலகம் ஆகியவை அதில் பெயரோடு இடம்பெறுகின்றன, அடுக்ககம் இல்லை. ஆயினும் பொதுமக்கள் வந்துபோகும் இடமெல்லாம் பொது இடம் என்பதால், பால்காரரும் கூரியர்காரரும் ஏறும் மாடிப்படியும் அதில் அடங்கும் என்று வாதிடலாம். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள விதிகள் இன்னும் நுட்பமானவை. பொது இடத்தில் வைக்கும் எச்சரிக்கைப் பலகை குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. இருக்க வேண்டும், தளந்தோறும், படிக்கட்டிலும், லிஃப்ட் வாசலிலும் வைக்க வேண்டும், ஆஷ்ட்ரே வைக்கக் கூடாது. இவற்றுள் கடைசி விதி மட்டும் அடுக்ககங்களில் பிசகாமல் பின்பற்றப்படுகிறது. சாம்பல் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் போகிறது.

அடுத்து திணை. தொல்காப்பிய நெறிப்படி நிலம் நான்கு. பாலைக்குத் தனி நிலம் இல்லை. பெசன்ட் நகர் அடுக்ககத்துக்கும் இப்பகுப்பு அப்படியே பொருந்துகிறது.

மாடிப்படி: உரிப்பொருள் ஒளிதல். சூடான காற்று மேலேறுவதால் இது புகைபோக்கியாகவே இயங்கும். முதல் மாடியில் பற்றவைத்ததை மூன்றாம் மாடி அறியும்.

மொட்டை மாடி: உரிப்பொருள் உலாவுதல். கருப்பொருள் வடாம், கொடித்துணி, தண்ணீர்த் தொட்டி. திறந்தவெளியைச் சட்டம் பொது இடத்திலிருந்து விலக்கியிருப்பதால் இங்கே காவலர் வடாம் காயப்போட்டவரே.

பால்கனி: உரிப்பொருள் ஊடல். இது அண்டை வீட்டாரோடு நிகழ்வது.

குளியலறை: உரிப்பொருள் மறுத்தல். எக்ஸாஸ்ட் ஃபேன் தள்ளும் புகை, குழாய்கள் ஏறும் சந்து வழியாக மேல்வீட்டு வென்டிலேட்டரில் நுழையும். 'நான் இல்லை' என்பவர் வீட்டில் ஊதுபத்தி மணக்கும்.

இந்நான்கிலிருந்தும் விரட்டப்பட்டவர் சேரும் கேட் வாசலே பாலை. உரிப்பொருள் பிரிவு. கருப்பொருள் டீக்கடை.

மூன்றாவது பொழுது. பெசன்ட் நகருக்குக் கடல் கிழக்கே. வெயிலில் தரை சூடேறியபின் காற்று கடலிலிருந்து உள்ளே வரும். இரவில் தரை குளிர்ந்ததும் திரும்பிக் கடலை நோக்கிப் போகும். ஆகவே மாலை ஆறு மணிக்குக் கிழக்குப் பால்கனியில் விடும் புகை அவரவர் கூடத்தைக் கடந்து பிறர் வீட்டுக்குப் பயணம் செய்யும். விடியற்காலையில் அதே பால்கனியில் நிற்பவர் குற்றமற்றவர். ஆனி, ஆடியில் மேல்காற்று கடற்காற்றைத் தாமதப்படுத்துவதால் குற்றம் தொடங்கும் நேரமும் தள்ளிப்போகும்.

இறுதியாகத் தீர்வு. சிங்கப்பூரில் 2013 ஜனவரி முதல் அடுக்ககங்களின் பொது நடைபாதை, படிக்கட்டு, கீழ்த்தளத் திறந்த கூடம் ஆகியவற்றில் புகைக்கத் தடை உண்டு. வீட்டுக்குள் தடை இல்லை. அதனால் சன்னல், பால்கனிச் சண்டை அங்கும் ஓயவில்லை. இந்தியாவில், உடல்நலத்துக்குக் கேடாகக் காற்றைக் கெடுப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 280ஆம் பிரிவு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மாதாமாதம் முகம் பார்த்து மெயின்டனன்ஸ் வசூலிக்க வேண்டிய செக்ரட்டரி அதைக் கையில் எடுப்பது கடினம். அவர் செய்வது வாட்ஸ்அப் குழுவில் 'சிலர்' என்று தொடங்கும் அறிவிப்பு. அந்தச் சிலர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்துவர்.

ஆகவே பெசன்ட் நகருக்கான அசோசியேஷன் துணைவிதி இடத்தை மட்டும் சுட்டினால் போதாது. மணியையும் சுட்ட வேண்டும். மாலையில் மேற்குப் பால்கனி, விடியலில் கிழக்குப் பால்கனி என்று வகுத்தால் கட்டடத்துக்குள் புகார் குறையும். புகை அடுத்த கட்டடத்துக்குப் போகும். அது அந்த அசோசியேஷனின் அதிகார எல்லை.